மூன்று நிலையங்கள், ஒரே பாட்டு

போட்டி பெருகினால் தேர்வும் பெருகும் என்பது சந்தையின் பாலபாடம். அமெரிக்காவின் நாஷ்வில் நகர வானொலியைக் கவனித்தபோது அந்தப் பாடத்தின் மீது நமக்குச் சந்தேகம் எழுந்தது. கன்ட்ரி இசையின் தலைநகராகக் கருதப்படும் ஊர் அது. ராக் இசை ஒலிபரப்பிவந்த டபிள்யூ.கே.டி.எஃப். 1999இல் கன்ட்ரிக்கு மாறியது. டபிள்யூ.எஸ்.ஐ.எக்ஸ்., டபிள்யூ.எஸ்.எம். எஃப்.எம். ஆகியவற்றோடு சேர்த்து, ஒரே ஊரில் ஒரே இசைக்கு மூன்று பண்பலை நிலையங்கள் மல்லுக்கு நின்றன. ரசிகனுக்குக் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்?

பீட்டர் ஸ்டைனர் என்னும் பொருளியலாளர் 1952இலேயே வானொலியை முன்வைத்து இதற்கு விடை சொல்லிவிட்டார். அவருடைய தர்க்கத்தை எளிய கணக்காக்கிப் பார்ப்போம். ஊரில் நூறு நேயர்கள். எண்பது பேருக்குப் புதிய வெற்றிப்பாடல்கள் வேண்டும்; இருபது பேருக்குப் பழைய பாடல்கள். மூன்று நிலையங்களும் புதிய பாடல்களையே ஒலிபரப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இருபத்தேழு பேர் கிடைப்பர். பழைய பாடல்களை நாடிச் செல்லும் நிலையத்துக்கு இருபது பேர்தான். எனவே மூவரும் எண்பதின் வாசலிலேயே நிற்பார்கள். இருபது பேரின் கதவை எவரும் தட்டமாட்டார்கள். விளம்பர வருவாய் நேயர் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கும்வரை இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அவரவர் அளவில் அனைவரும் புத்திசாலித்தனமாகவே நடந்துகொள்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் வறுமைதான் மிஞ்சுகிறது.

ஸ்டைனரின் கணக்கில் ஒரு முரண் உண்டு. நிலையங்கள் அனைத்தும் ஒரே முதலாளியிடம் இருந்தால், தனக்குத் தானே போட்டியிடுவதில் அவருக்கு லாபமில்லை. ஆகவே ஒன்றையாவது அந்த இருபது பேரிடம் அனுப்புவார். நாஷ்விலிலும் அவ்வாறே நடந்தது. ஓர் உரிமையாளர் ஒரே ஊரில் பல நிலையங்களை வைத்துக்கொள்ள 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தாராளமாக வழிவிட்டிருந்தது. 2011இல் க்யூமுலஸ் நிறுவனம் சிட்டாடெல் நிறுவனத்தை வாங்கியபோது, மூன்று நிலையங்களில் இரண்டு அதன் கைக்கு வந்தன. 2014இல் அவற்றுள் ஒன்றை, முந்தைய தலைமுறைப் பாடகர்களுக்கு இடமளிக்கும் நிலையமாக அது மாற்றியது.

அப்படியானால் ஏகபோகமே நல்லதா? அவசரப்பட வேண்டாம். 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சற்று முன், டிக்ஸி சிக்ஸ் குழுவின் நதாலி மெய்ன்ஸ் லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷை விமர்சித்தார். இதே க்யூமுலஸ் தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் அக்குழுவின் பாடல்களை நிறுத்திவைத்தது. ஒரு தலைமையகத்தின் முடிவு பல ஊர்களின் காதுகளை ஒரே நாளில் அடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் செனட் குழுவின் விசாரணையில் இது கண்டனத்துக்கு உள்ளானது. பன்மையைத் தருகிற கை, அதைப் பறிக்கவும் வல்லது.

போட்டியும் கைகொடுக்கவில்லை, ஏகபோகமும் நம்பத்தக்கதல்ல என்றால் எஞ்சுவது என்ன? அதே ஊரின் 650 ஏ.எம். அலைவரிசையைக் காட்டுவோம். 1925இல் ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம். அது. கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சி அதன் வழியாகவே நாடெங்கும் சென்றது. 2002 தொடக்கத்தில் அதை விளையாட்டுப் பேச்சு நிலையமாக்கும் யோசனை எழுந்தபோது நேயர்களும் இசைக்கலைஞர்களும் எதிர்த்தனர்; யோசனை கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு பலித்ததற்கு ஒரு காரணம் உண்டென்று கருதுகிறோம். நிலையத்தை வைத்திருப்பவர்களே ஓப்ரியையும் வைத்திருக்கிறார்கள். ஆகவே நிலையத்தின் மதிப்பு நேயர் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை.

நம் கருத்து இதுதான்: ஒரு ரசனை பிழைத்திருக்க, கடைகளின் எண்ணிக்கை போதாது. எண்ணிக்கைக்கு வெளியே ஒரு காரணத்துக்காக அதை நடத்துபவர் ஒருவர் வேண்டும். அதை மூட வந்தால் குரல் கொடுக்கச் சிலர் வேண்டும். சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டிப் பழகிய நமக்கு அந்த இருபது பேரை அடையாளம் தெரியாமல் போகாது.