பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

இங்கிலாந்தின் அரசன் முதலாம் எட்வர்ட் 1296-ல் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்து வென்றபோது, அந்நாட்டு மன்னர்கள் முடிசூட அமரும் கல்லைப் பெயர்த்து எடுத்துச் சென்றான். அதோடு விட்டானா? ராஜாங்கத் தஸ்தாவேஜுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு போனான். கல் எழுநூறு வருஷம் கழித்து, 1996-ல் எடின்பரோவுக்குத் திரும்பியது. தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. பிற்காலத்தில் சேர்த்துவைத்தவற்றைக் குரோம்வெல்லின் சேனை 1651-ல் கைப்பற்றி லண்டனுக்கு அனுப்பியது. 1660-ல் அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தபோது, ஏற்றிவந்த கப்பல் ஒன்று புயலில் அகப்பட்டுக் கடலில் அமிழ்ந்தது.

இவ்வளவு பறிகொடுத்த நாட்டிலே, சாதாரண உழவன் ஒருவனுடைய வம்சத்தார் இன்று தங்கள் முப்பாட்டனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் அது எப்படிச் சாத்தியமாயிற்று? மன்னர்களின் ஓலைகள்தாம் தலைநகரில் இருந்தன. குடியானவன் பெயர் அவனுடைய ஊர்க் கோயில் குமாஸ்தாவின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கொள்ளையடிக்க எந்த அரசனுக்கும் தோன்றவில்லை!

ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்த இந்தக் கோயில் ஏடுகளில் மிகப் பழையது பெர்த் ஜில்லாவிலுள்ள எர்ரல் என்ற ஊருடையது, 1553-ல் ஆரம்பமாகிறது. ஆனால் எல்லா ஊரிலும் இந்த ஒழுங்கு இருந்ததாக எண்ணவேண்டாம். 1783-ல் சர்க்கார் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தது. பிள்ளை பெற்றவர்கள் பலர் எழுதாமலே இருந்துவிட்டார்கள். 1794-ல் வரியை நீக்கினார்கள். இடைப்பட்ட பத்து வருஷத்தில் பிறந்த பாட்டனைத் தேடுகிறவர்கள் அந்த மூன்று பென்ஸை இன்றும் சபிக்கிறார்கள்.

1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜனன மரணப் பதிவைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. முதல் வருஷத்து உற்சாகம் அபாரமானது! குழந்தை பிறந்தால் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணம் நடந்த இடம், முன் பிறந்த குழந்தைகள் எத்தனை என்பதெல்லாம் எழுதவேண்டும். இறந்தவருக்கோ பிள்ளைகள் அத்தனை பேருடைய பெயரும் வேண்டும். எழுதி மாளாமல் மறு வருஷமே பல கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே, 1855-ல் குடும்பத்தில் யாராவது பிறந்தோ இறந்தோ இருந்தால், தேடுகிறவருக்கு அது பெரிய அதிருஷ்டம். இன்னொரு சௌகரியமும் உண்டு. மணமான பிறகும் ஸ்திரீகளின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்துப் பதிவுகள் மறைப்பதில்லை. தாய்வழியிலும் தொடர்ந்து செல்லலாம்.

இந்த ஏடுகளெல்லாம் இப்போது எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கின்றன. ராபர்ட் ஆடம் என்ற சிற்பி திட்டமிட்டு 1774-ல் அஸ்திவாரமிட்ட பதிவு மாளிகை அங்கேதான் இருக்கிறது. இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் வசதி செய்திருக்கிறார்கள். ஆனால் நூறு வருஷம் ஆகாத ஜனனப் பதிவையும், எழுபத்தைந்து வருஷம் ஆகாத விவாகப் பதிவையும், ஐம்பது வருஷம் ஆகாத மரணப் பதிவையும் அவ்வழியே காட்டமாட்டார்கள். உயிரோடிருப்பவர்களின் மானம் கருதிய ஏற்பாடு, நியாயந்தான்.

மானம் என்றதும் கோயில் மூப்பர் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் நினைவுக்கு வருகின்றன. ஓய்வு நாளில் வேலை செய்தவன், குடித்துக் கலகம் செய்தவன், தாலிக்கு முன்பே தாயானவள் ஆகியோரைச் சபை அழைத்து விசாரிக்கும். ஞானஸ்நான ஏட்டில் காணாத தகப்பன் பெயர் பல சமயம் இந்த விசாரணையில் வெளிப்பட்டிருக்கிறது. ஒழுங்காக வாழ்ந்த பாட்டனைப்பற்றி இரண்டு வரி கிடைக்கும். வம்பு செய்த பாட்டனைப்பற்றி இரண்டு பக்கம் கிடைக்கும்!

ஊரின் சரித்திரம் வேண்டுமானால் ஸர் ஜான் ஸின்க்ளேரை நாடவேண்டும். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் பாதிரிமார்களுக்கு நூற்று அறுபது கேள்விகளுக்கு மேல் அனுப்பி, விடாமல் நச்சரித்து, 1791 முதல் 1799 வரை இருபத்தொரு புஸ்தகங்கள் வெளியிட்டார். கூலி, விளைச்சல், வியாதி, உணவு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அதே காலத்தில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்த காலின் மெக்கன்ஸி என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் கைபீதுகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

நிலமில்லாதவர்களின் சங்கதிதான் மனத்தை வருத்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டுமென்று ஸதர்லாந்துப் பிரதேசத்தில் பண்ணைப் பிரபுக்கள் கிராமம் கிராமமாகக் குடிகளை வெளியேற்றினார்கள். அப்பண்ணையின் காகிதங்கள் எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வாரக் கணக்கில் ஒரு பெயர் வருஷாவருஷம் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு வருஷம் நின்றுவிடும். எங்கே போனார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லாது. உள்குத்தகைக்காரன் பெயரோ அதில் ஏறியே இராது.

அவர்களிற் சிலரைக் கிளாஸ்கோவில் மிட்சல் நூலகத்திலுள்ள நகர ஆவணக் களரியில் காணலாம். ஏழைகளுக்கு உதவி வழங்கும் சட்டம் 1845-ல் வந்தது. உதவி கேட்டு வந்தவனை அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டு எழுதினார்கள்: பெற்றோர் பெயர், மனைவி மக்களின் வயது, முன்பு குடியிருந்த வீடுகள், உடம்புக்கு என்ன நோய். பிறந்த ஊர் என்ற இடத்தில், ஆடுகள் மட்டுமே மிஞ்சிய ஏதோ ஒரு வடபுலப் பள்ளத்தாக்கின் பெயர் எழுதியிருக்கும்.