நாய்க்குப் பெயர் உண்டு, கல் உடைத்தவனுக்கு இல்லை

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, வட வேல்ஸின் எரிரி மலைப்பகுதியில் ஒரு பழைய மாளிகை ஓட்டலில் இரண்டு இரவு தங்கினோம். ஆங்கிலேயர் ஸ்னோடோனியா என்று சொல்லும் இடம். அறையில் கணப்பு, ஜன்னலைத் திறந்தால் மலையும் மழையும். வசதிக்குக் குறைவில்லை. என் குறை வேறு.

அது ஒரு சிலேட்டுக் குவாரி முதலாளி கட்டிய வீடு. கூடத்தில் அவர் படத்தை மாட்டி, வளர்த்த நாய்களின் பெயர் வரை எழுதியிருந்தார்கள். கல் உடைத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ராத்திரி சீஸ் வைத்துத் தந்ததோ சிலேட்டுப் பலகையில்! நாம் அ, ஆ எழுதிப் பழகிய அதே வகைக் கல்.

தொழிலாளர் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். வாய் சும்மா இருக்குமா?

அதே மலைப்பகுதியில் பெத்தெஸ்டா என்றொரு ஊர். அங்குள்ள பென்ரின் குவாரியில் 1900 நவம்பரில் சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். சங்கத்தோடு பேசவே மாட்டேன் என்றார் முதலாளி பென்ரின் பிரபு. 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷ் மொழியில் ஜன்னலில் அட்டை வைத்துக்கொண்டு குடும்பங்கள் வறுமையைத் தாங்கின. பலர் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். மூன்று வருடம் கழித்து, 1903-இல், போராட்டம் தோற்றது.

கல்தூசி நுரையீரலைத் தின்றபோது குவாரி மருத்துவர்கள் சிலர் எதன்மேல் பழி போட்டார்கள் தெரியுமா? தொழிலாளி நெடுநேரம் கொதிக்கவைத்துக் குடித்த தேநீரின்மேல்! கம்பெனி மூடிப்போன நோயாளிகளுக்கு அரசே நஷ்டஈடு தரும் சட்டம் 1979-இல்தான் வந்தது.

"ஓய்வெடுக்க வந்த இடத்துல இதெல்லாம் எதுக்குப்பா?" என்றாள் மகள். ஓய்வுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் பழமையைக் காட்டித்தானே அறைக்கு அவ்வளவு வாடகை வாங்குகிறார்கள்? பழமையை விற்பவர் அதில் பாதியை ஒளித்தால், அது எடையில் கைவைக்கிற வேலைதான். அந்தச் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோவே 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. ஓட்டல்காரருக்கு ஒரு சட்டம் போட்ட படம் மாட்டக் கைவரவில்லை.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நண்பர்களே! இப்படியொரு மாளிகையில் தங்க நேர்ந்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள். 'இந்தக் கல்லை உடைத்தது யார்?' என்று வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் படம் மாட்டிவிடுவார்கள்.