மறுக்கப்பட்ட மண்

ஒரு சமுதாயம் தன் இறந்தோரை எவ்வாறு வழியனுப்புகின்றது என்பது அதன் பண்பாட்டை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாகும். இறந்தோர் அனைவரையும் ஒரே முறையிலேயே ஈமஞ்செய்தல் வேண்டும் எனத் தமிழ் மரபு எக்காலத்தும் விதித்ததில்லை. புகார் நகரத்துச் சுடுகாட்டினை விவரிக்குமிடத்து, எரித்தல் முதலாகத் தாழியிற் கவித்தல் ஈறாக ஐவகை முறைகளை மணிமேகலை எண்ணிக் கூறுகின்றது. ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் பொம்பரிப்பிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகள் அதற்குச் சான்று பகர்கின்றன. சைவர்களிடையே இன்றும் குழந்தைகளும் துறவிகளும் புதைக்கப்படுகின்றனர். இத்துணைப் பன்மையைக் கண்ட இத்தீவில், 2020 ஆம் ஆண்டில் தீ ஒன்றே சட்டமாயிற்று.

அச்சட்டம் இஸ்லாமியருக்கு இழைத்த தீங்கினை உணர வேண்டுமாயின், ஜனாஸா என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். மையித்தைக் குளிப்பாட்டல், கபனிடல், தொழுவித்தல், நல்லடக்கஞ் செய்தல் என்னும் நான்கும் இறந்தவருக்கு உயிரோடிருப்போர் செலுத்த வேண்டிய கடன்களாம். ஆணுக்கு மூன்றும் பெண்ணுக்கு ஐந்துமாகத் தைக்கப்படாத வெண்டுணிகளே கபன். செல்வனுக்குப் பட்டில்லை, ஏழைக்குக் கந்தையில்லை. ஜனாஸாத் தொழுகையில் குனிதலும் இல்லை, சிரம் பணிதலும் இல்லை. நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர்களோடு அது நிறைவுறுகின்றது. சந்தூக்கினைத் தோள் மாற்றிச் சுமந்து செல்லும் ஊரார், வலப்பக்கமாகக் கிடத்தி முகத்தைக் கிப்லாவை நோக்கித் திருப்பி, மும்முறை மண்ணள்ளியிட்டுக் கப்றை மூடுவர்.

இவற்றைப் 'பர்ளு கிபாயா' என இஸ்லாமியச் சட்டவியலார் வகுத்தனர். சிலர் நிறைவேற்றினால் ஊர் முழுவதும் கடமையினின்று நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊர் முழுவதும் குற்றத்திற்குள்ளாகும். ஆகவே, ஒரு ஜனாஸாவைத் தடுப்பவர் ஒரு குடும்பத்தின் துயரத்தில் மாத்திரம் தலையிடுவதில்லை. ஒரு சமுதாயம் முழுவதையும் தீர்க்கமுடியாத கடனாளியாக்குகின்றார். ஈண்டு நிகழ்ந்ததும் அதுவே.

2020 மார்ச் இறுதியில், கொவிட் நோயினால் இறந்தோரைப் புதைப்பதற்கு இடமளித்திருந்த வழிகாட்டல் மாற்றப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடங்களுக்கு உடல்கள் எரிக்கப்பட வேண்டுமெனப் பணித்தது. இதனை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களை, டிசம்பர் 1 ஆம் திகதி, முழு விசாரணைக்கும் எடுத்துக்கொள்ளாது உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவினால் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில், பிறந்து 20 நாட்களேயான சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. அம்மயானத்தின் வேலியில் இன, மத பேதமின்றி மக்கள் வெண்டுணிகளைக் கட்டினர். அத்துணிகளும் அகற்றப்பட்டன. கபன் மறுக்கப்பட்ட குழந்தைக்காக வேலியிற் கட்டிய துணித்துண்டையும் சகிக்க இயலாத அதிகாரத்தை என்னென்பது!

இக்கொள்கையை நியாயப்படுத்தியோர் முன்வைத்த வாதங்கள் மூன்று. அவற்றைத் தனித்தனியே நோக்குதல் தகும்.

முதலாவது, விஞ்ஞானத்தின் பெயரால் எழுந்த வாதம். புதைக்கப்பட்ட உடலிலிருந்து கிருமி நிலத்தடி நீரிற் கலக்கும் என்றனர். வைரசு உயிருள்ள கலங்களிலேயே பெருகும். உயிரற்ற உடலில் அது பெருகுவதில்லை. இந்நோய் மூச்சின் வழியே தொற்றுவது. கிணற்று நீரின் வழியே தொற்றுவதன்று. உலக சுகாதார தாபனம் 2020 மார்ச் 24 ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலிலேயே புதைத்தலையும் எரித்தலையும் ஏற்புடையனவாகக் கூறியிருந்தது. உலக நாடுகள் தம் இறந்தோரைப் புதைத்துக்கொண்டிருந்தன. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்க இடமளிக்கலாமெனக் கூறிற்று. அதன் பின்னரும் உலைகள் அணையவில்லை. ஐயத்திற்கிடமிருந்தபோது எச்சரிக்கை காட்டியதை மன்னிக்கலாம். ஐயம் நீங்கிய பின்னரும் எரித்துக்கொண்டிருந்ததற்கு விஞ்ஞானம் என்று பெயரிடலாமா?

இரண்டாவது, 'சட்டம் அனைவருக்கும் பொது' என்னும் வாதம். எரிப்பதையே வழமையாகக் கொண்டவரையும், எரிப்பதை இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பாகக் கருதுபவரையும் ஒரே விதிக்குட்படுத்துதல் சமத்துவம் போலத் தோன்றும். ஆயின் முன்னவர் அதனால் இழந்தது யாது? பின்னவர் இழக்காதது யாது? சுமையைப் பகிர்வதே சமத்துவம். ஒருவர் தோளிலே முழுச் சுமையையும் ஏற்றிவிட்டுப் பொதுவிதி என்பது சமத்துவத்தின் போலி. பிள்ளைகளைப் புதைக்க விரும்பிய கிறித்தவரும் இவ்விதியால் வருந்தினர் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, 'நிர்ப்பந்தம் நேரின் மார்க்கம் விலக்களிக்கின்றதே; ஏன் பிடிவாதம்?' என்னும் வாதம். விலக்கு உண்டென்பது உண்மையே. குளிப்பாட்ட இயலாவிடில் தயம்மும் போதும். பேரிடர்க் காலத்தில் ஒரே குழியிற் பலரை அடக்கலாம். கப்பலில் இறந்து கரை சேர வழியற்றவரைக் கடலில் விடலாம். ஆனால் விலக்கு என்பது வேறு வழியே இல்லாதபோது பிறப்பது. உடலைப் பொதிந்து, ஆழக் குழிதோண்டி, அதிகாரிகளின் மேற்பார்வையில் அடக்க வழியிருந்தது. நிர்ப்பந்தத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது. அதனைச் செய்யாது, பாதிக்கப்பட்டோரிடம் மார்க்க விளக்கம் கூறியது நகைப்பிற்குரியது.

இக்கொடுமையைத் தமிழர் பிறர் துயரமெனப் பார்த்திருத்தல் இயலுமோ? சிசு எரிக்கப்பட்டு ஒரு திங்கள் கழியுமுன்னரே, 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. ஒரு சமுதாயத்திற்கு அடக்கும் உரிமை மறுக்கப்பட்டது. மற்றொன்றிற்கு நினைவுகூரும் உரிமை மறுக்கப்பட்டது. இரண்டிற்கும் வேர் ஒன்றே. அதனை உணர்ந்தமையாலேயே, அவ்வாண்டு பெப்ரவரியிற் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியிற் கட்டாய எரிப்பும் ஒரு கோரிக்கையாக ஒலித்தது. இஸ்லாமியரும் அதிற் கலந்துகொண்டனர். போர்க்காலக் காயங்கள் இரு சமுதாயங்களிடையேயும் ஆறாதிருக்க, அந்நடை நிகழ்ந்ததென்பது சிறிய செய்தியன்று.

பெப்ரவரி 25 ஆம் திகதி புதைக்க அனுமதி வழங்கப்பட்டது. ஆயினும் அவரவர் ஊர் மையவாடிகளில் இடமளிக்கப்படவில்லை. முதலில் இரணைதீவு சுட்டப்பட்டது. 1992 இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டு போராடி 2018 இல் மீண்ட மீனவ மக்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தனர், இஸ்லாமியரும் அத்தெரிவை ஏற்கவில்லை. பின்னரே மார்ச் 5 ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் உடல்கள் அங்கு கொணரப்பட்டன. ஓராண்டிற்குள் 3,600க்கு மேற்பட்டோர் அம்மண்ணில் அடங்கினர். அவருள் இஸ்லாமியரோடு இந்துக்களும் பௌத்தரும் கிறித்தவரும் உளர். எல்லா மதத்தவர்க்கும் மண் தேவைப்பட்டதென்பதற்கு அக்கப்றுகளே சாட்சி.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோருதற்குத் தீர்மானித்தது. 276 இஸ்லாமியர் எரிக்கப்பட்டனர் என்பதும் வெளிவந்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கது. ஆயின், சான்றின்றிச் சட்டமியற்றியோர் யார், அறிஞர் கருத்தைப் புறந்தள்ளியோர் யார் என்னும் வினாக்களுக்கு மன்னிப்பு விடையாகாது. எத்தகைய இடர் வரினும், இறந்தவரின் நம்பிக்கைக்கேற்ற ஈமக்கடனைத் தடுப்பதற்கு முன் அதன் தேவையை அரசே வெளிப்படையாக நிறுவ வேண்டுமெனச் சட்டம் தெளிவுறக் கூறுதல் வேண்டும். உறவினரைக் கேளாது எந்த உடலையும் எரித்தலோ புதைத்தலோ கூடாதென்பதும் அதில் இடம்பெறல் வேண்டும்.

ஓட்டமாவடியின் கப்றுகளுக்கேனும் சென்று கண்ணீர் சிந்தப் பிள்ளைகள் உளர். எரியூட்டப்பட்டோரின் பிள்ளைகள் எங்கு செல்வர்? அவர்களுக்குச் செலுத்தப்பட வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை. அது இஸ்லாமியரின் கடன் மட்டுமன்று; கண்டும் வாளாவிருந்தோர் அனைவரினதும் கடனாகும்.