நுரை பொங்கட்டும், மாப்ள!

தமிழ்நாட்டுப் பார்ட்டிகளில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு மூன்றே மூன்று காரணங்கள்தான் செல்லும். ஒன்று, மாலை போட்டிருக்கேன். இரண்டு, ஆன்டிபயாடிக் சாப்பிடறேன். மூன்று, வண்டி ஓட்டணும்.

இதில் மாலைக்கு ஆயுள் 48 நாள். மாத்திரைக்கு அஞ்சு நாள். மூன்றாவதுக்கு ஆயுளே கிடையாது. "நான் டிராப் பண்றேன் மாப்ள!" என்று, ஏற்கெனவே நாலு ரவுண்டு முடித்தவன் உடனே கை தூக்குவான்.

"பிடிக்கலை", "விட்டுட்டேன்", "சும்மாதான்..." இதெல்லாம் லிஸ்டிலேயே இல்லை. வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு விசாரணைக் கமிஷன் உட்காரும். "டாக்டர் சொன்னாரா? வீட்ல சண்டையா? லவ் பெயிலியர்னா இன்னும் ஜாஸ்தியாத்தானே குடிக்கணும்?"

சரி, கமிஷன் கலைந்த பிறகு அந்த அப்பாவிக்கு நாம் கொடுப்பது என்ன? மூடி திறந்து அரைமணியாகி, காற்று இறங்கிப்போன கலர். அதுவும் பிளாஸ்டிக் டம்ளரில். அதிலும் மற்றவர்கள் கலந்துகொண்டது போக மிச்சம். குடிப்பவனுக்கு ஐஸ் என்ன, சுண்டல் என்ன, ஆம்லெட் என்ன... குடிக்காதவன் மட்டும் கடைசிப் பந்தி!

இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது ஸார். காரமாக, புளிப்பாக, பார்ப்பவன் வாயைப் பிளக்கிற மாதிரி பொங்கி வழிகிற வழி. ஆயக்குடியில் செய்து பார்த்துவிட்டேன்.

ஆயக்குடி, பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர். கொய்யாவுக்குப் பெயர் போனது. டி.என்.பி.எஸ்.சி. எழுதிய நண்பர்களுக்கு அங்கே மரத்தடியில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு ஞாபகம் வரும். எங்கள் கும்பலில் ஒருவனுக்கு அங்கே சொந்தத்தில் ஒரு கொய்யாத் தோப்பு. அவனுக்கு புரமோஷன். தோப்பில் பார்ட்டி. இந்தக் காலத்தில் வெறும் பார்ட்டி வைத்தால் மரியாதை இல்லையே... தீம் வேண்டுமாம். தீம் என்ன தெரியுமா? 'எண்பதுகளின் தமிழ்ப்பட வில்லன் குகை'!

ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய வில்லன்கள் ஆறு பேர். வெள்ளை ஷூ வில்லன்கள் ஒன்பது பேர். விக் வைத்தவர்கள் எண்ணிக்கையில் அடங்கவில்லை. கொய்யா மரமெல்லாம் சீரியல் பல்பு. 'குடிக்காதவர்கள் இலாகா' என் தலையில் விழுந்தது.

"வில்லன் கையில இருக்கற கிளாஸ்ல புகை வரணும். டிரை ஐஸ் வாங்கிடலாமா?" என்றான் ஒருத்தன்.

கூடவே கூடாது என்றேன். டிரை ஐஸ் என்பது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. திரவ நைட்ரஜன் இன்னும் மோசம், மைனஸ் 196. 2017-ல் குர்காவ்ன் பார் ஒன்றில் புகை அடங்குவதற்குள் திரவ நைட்ரஜன் கலந்த பானத்தைக் குடித்த ஒருவருக்கு வயிற்றில் ஓட்டையே விழுந்து ஆபரேஷன் வரை போனது. 2024 ஏப்ரலில் 'ஸ்மோக் பிஸ்கட்' விவகாரம் கிளம்பி, நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டது. புகை சினிமாவில் இருக்கட்டும்.

புகைக்குப் பதில் நுரை!

2019 ரம்ஜான் சமயத்தில் கேரளாவே ஒரு பானத்தின் பின்னால் பைத்தியமாக ஓடியது. பெயர் 'ஃபுல் ஜார் சோடா'. சின்ன கிளாஸில் எலுமிச்சை, பச்சை மிளகாய், இஞ்சி, புதினா, உப்பு கலந்த சாறு. பெரிய கிளாஸில் சோடா. சின்னதைப் பெரியதற்குள் விட்டால்... புஸ்ஸ்ஸ்! நுரை பொங்கி மேஜை, சட்டை, பக்கத்து ஆள் எல்லாம் நனையும். வழிவதற்குள் ஒரே மூச்சில் குடிக்கணும். வீடியோ எடுக்காமல் குடித்தவர்கள் குறைவு. அப்புறம் தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் வந்தது. பார்க்கப்போனால் நம்ம டபரா டம்ளர்தான். காபியில் டம்ளருக்கு வெளியே டபரா. இங்கே டம்ளருக்குள்ளே டம்ளர்.

ஏன் பொங்குகிறது? சோடாவில் கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. வெளியே ஓட ஒரு சாக்கு தேடிக்கொண்டிருக்கிறது (சனிக்கிழமை மத்தியானம் நாம் ஆபீஸில் இருப்பது போல). நசுங்கிய புதினா, இஞ்சித் துணுக்கு, சப்ஜா விதை, கரையாத உப்பு... இந்தச் சொரசொரப்பெல்லாம் குமிழி பிறக்க இடம் கொடுக்கிறது. சர்க்கரைப் பாகும் சப்ஜாவின் வழவழப்பும் நுரையைச் சட்டென்று உடையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே இறங்கிய கிளாஸின் அளவுக்குத் தண்ணீர் மட்டமும் ஏறுகிறது. அந்த உபயம் ஆர்க்கிமிடீஸ்.

இன்னொரு வேடிக்கை. சோடாத் தண்ணீர் பிறந்ததே பீர் காய்ச்சும் இடத்தில்தான். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பீர் ஆலையின் நொதிக்கும் தொட்டிக்கு மேலே நின்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சுருக்கென்று இருந்தது. பீர் ஆலைக்குப் போய் சோடாவோடு திரும்பிய முதல் மனிதர் அவர்தான். நம்ம கோலி சோடா பாட்டிலும் அந்த ஊர்ச் சரக்கே. ஹிராம் காட் என்கிற எஞ்சினியர் 1872-ல் பேடன்ட் வாங்கியது.

'பஞ்ச்' என்று வெள்ளைக்காரன் பார்ட்டிகளில் கரண்டியால் மொண்டு ஊற்றுகிறானே, அந்தப் பெயர் நம் ஊர் 'பஞ்ச'த்திலிருந்து, அதாவது ஐந்திலிருந்து போனது என்பது பிரபலமான விளக்கம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் என ஐந்து. அதே ஐந்தை வைத்துப் பழனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பஞ்சாமிர்தம் செய்து, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். ஒரே ஐந்து. ஆள் ஆளுக்கு ஒரு மயக்கம்!

இனி செய்முறை. பேனா எடுங்கள்.

ஒரு கிளாஸுக்கு: எலுமிச்சம்பழம் 1. பச்சை மிளகாய் பாதி. இஞ்சி, சுண்டுவிரல் நகமளவு. புதினா 6 இலை. உப்பு 2 சிட்டிகை. கெட்டியான சர்க்கரைப் பாகு 2 டேபிள்ஸ்பூன். அரைமணி நேரம் ஊறிய சப்ஜா விதை 1 ஸ்பூன். நன்றாகக் குளிர்ந்த சோடா 200 மில்லி. குளிர்ச்சி முக்கியம், குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு தங்கும். வெதுவெதுப்பான சோடா பாட்டிலைத் திறக்கும்போதே தன் வீரத்தையெல்லாம் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

மிளகாய், இஞ்சி, புதினாவை இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் மையாக அரைக்க வேண்டாம், சொரசொரப்பு போய்விடும். எலுமிச்சையைப் பிழிந்து, உப்பு, பாகு, சப்ஜா கலந்து சின்ன கிளாஸை நிரப்புங்கள். பெரிய கிளாஸில் முக்கால் அளவுக்கு சோடா. அடியில் ஒரு தட்டு. சின்ன கிளாஸை விளிம்பருகே பிடித்து மெதுவாக நழுவ விடுங்கள். சினிமா வில்லன் மாதிரி உயரத்திலிருந்து போட்டால் கண்ணாடி விரிசல் விடும். இரண்டும் தடித்த கண்ணாடியாக இருக்கட்டும்.

இதுவரை கேரளா. இனி ஆயக்குடி. அந்தப் பக்கம் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிக் கொடுப்பார்கள் அல்லவா? பெரிய கிளாஸின் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து, அதே உப்பு-மிளகாய்ப் பொடியில் கவிழ்த்து எடுத்தேன். ஒரு கீற்று கொய்யாவையும் செருகினேன். பச்சை மிளகாய் ஆகாதவர்களுக்கு மிளகு. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காபித் தோட்டத்து மரங்களிலேயே மிளகுக் கொடி ஏறியிருக்கும். காரத்தில் அது வேறு ஜாதி. நாக்கில் அடிக்காது, தொண்டையில் வந்து நிற்கும்.

கடைசியாக வில்லன் எஃபெக்ட். சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலைத் தம்பியின் கண்ணுக்கு நேராகப் பிழிந்து அடி வாங்கியிருப்பீர்கள். அந்தத் தோலில் இருப்பது லிமோனீன் என்கிற எண்ணெய். நன்றாகப் பற்றும். எரிகிற மெழுகுவத்திக்கு நேராகத் தோலை மடித்துப் பிழிந்தால் படபடவென்று பொறி பறக்கும். விளக்கை அணைத்துவிட்டுச் செய்தேன். குகை மொத்தமும் "ஓ!" என்றது. (நைலான் விக் வைத்தவர்களை நாலடி தள்ளி நிறுத்திவிட்டுத்தான்.)

காரம் பற்றி ஒரு வார்த்தை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் ஐஸ் சோடாவிலும் வாய் எரிகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அது தண்ணீரில் கரையாது. எரிந்தால் தண்ணீரைக் குடிக்காமல் மோர் குடியுங்கள். மிளகாய் தொட்ட கையில் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கண்ணைத் தொடணும். அல்சர்காரர்களுக்கு மிளகாய் இல்லாமல். சர்க்கரைக்காரர்களுக்குப் பாகு இல்லாமல்.

தோப்புக் காவல் பெரியவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "மோருல மொளகாயக் கிள்ளிப் போட்டு நாங்க குடிக்காததா தம்பி? அது பொங்கல, இது பொங்குது. அம்புட்டுத்தான்!" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கும்பலில் ஒரு நண்பன் குடியை விட்டு ஏழு மாதம். காரணம் அவனுக்குத் தெரியும், அவன் வீட்டுக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எந்தப் பார்ட்டியிலும் ஒன்பது மணிக்கு போன் வந்த மாதிரி எழுந்து போய்விடுவான்.

கிளாஸை நழுவ விடுவதற்கு நடுங்காத கை வேண்டும். மணி ஒன்பதரை ஆனபோது குகையில் நடுங்காத கைகள் மூன்றோ நாலோதான். அவனைக் கூப்பிட்டு மேஜைக்குப் பின்னால் நிறுத்தினேன். கறுப்புக் கண்பட்டையோடு ஒவ்வொரு கிளாஸையும் அவன் நழுவ விட, எதிரே கியூ! பாட்டில்காரர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். "எனக்குக் காரம் ஜாஸ்தி தலைவா!" என்றார்களே தவிர, "நீ ஏன் குடிக்கலை?" என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவன் கையிலும் ஒரு கிளாஸ் பொங்கிக்கொண்டிருந்ததே!

அன்று ராத்திரியே இரண்டு கார் கொடைக்கானல் போவதாக இருந்தது. பழனியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல், முக்கால்வாசி கொண்டை ஊசி. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 சட்டத்திருத்தப்படி முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மலைப்பாதை அபராதம் போடாது, நேராகத் தீர்ப்புதான். அன்று இரண்டு காரையும் ஓட்டியவர்கள் எலுமிச்சைக் கட்சி. ஒரு காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தது அந்த நண்பன்.

கிளம்பும்போது கண்பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"ஏழு மாசத்துல இன்னிக்குத்தான் மாப்ள, பத்து மணி தாண்டி ஒரு பார்ட்டில இருந்தேன்."

அதற்கு என்ன பதில் சொல்வது? "மலையேறும்போது ஹாரன் அடிச்சுப் போ" என்றேன்.

அடுத்த பார்ட்டிக்கு லிஸ்ட் எழுதுபவர் நீங்களாக இருந்தால், சரக்குக்கு முன்னால் இதை எழுதுங்கள். இருபது பேர், ஆளுக்கு இரண்டு கிளாஸ் கணக்கு: எலுமிச்சை 40, சோடா 8 லிட்டர், பச்சை மிளகாய் 20, இஞ்சி 100 கிராம், புதினா 4 கட்டு, சர்க்கரை 1 கிலோ, சப்ஜா 100 கிராம், கொய்யா 2 கிலோ.

அப்புறம், மோர் ஒரு குடம். காரம் ஜாஸ்தி கேட்ட தலைவர்களுக்கு!