மூன்று வயதுக்குள் 'அறிவு வளர்க்கும்' பொம்மை தேவையா? எங்கள் நிலைப்பாடு

திருமழிசையிலும் சுற்றுவட்டாரத்திலும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. மூளையை வளர்க்கும், ஐ.க்யூ.வைக் கூட்டும், பேச்சைச் சீக்கிரம் வரவழைக்கும் என்று சொல்லி விற்கும் பொம்மைகளை வாங்கலாமா என்று உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். எங்கள் பதில் இதுதான்: மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விளையாட்டு கட்டாயம் வேண்டும். விளையாடச் சாமானும் வேண்டும். 'அறிவு வளர்க்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. தானாகப் பேசி, பாடி, விளக்கெரியும் பேட்டரி பொம்மைகளை இந்த வயதில் வாங்காமல் இருப்பதே நல்லது.

இதை வெளிப்படையாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய கம்பெனிகளிலும் ஷிப்ட் பார்க்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளையோடு இருக்க நேரம் போதவில்லையே என்ற தவிப்பு அந்தத் தாய் தகப்பன் மனத்தில் எப்போதும் இருக்கிறது. செல்போனைத் திறந்தால் வருகிற விளம்பரங்கள் அந்தத் தவிப்பைக் குறிவைத்தே பேசுகின்றன. ஆறு மாதக் குழந்தைக்கு ஃபிளாஷ் கார்டு, ஒரு வயதுக்கு ஆங்கில எழுத்து சொல்லும் லேப்டாப் பொம்மை என்று தவணையில்கூட வாங்குகிறார்கள். வாங்காதவர்களோ தங்கள் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

பேட்டரி பொம்மையை வைத்துப் பிள்ளை விளையாடுவதைச் சற்று உட்கார்ந்து கவனியுங்கள். பிள்ளை பொத்தானை அமுக்குகிறது. மாடு கத்துகிறது, 'கவ்' என்று ஒரு குரல் சொல்கிறது, பாட்டு தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா "அம்மா சொல்லுது பாரு, மாடு எங்க, நம்ம தெருவுல வருமே" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பொத்தான். அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்தார்கள். 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் 26 ஜோடி. வீட்டில் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து எண்ணினார்கள். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொல் பேசினார்கள். மரக்கட்டை, சாதாரணப் பொம்மை என்றால் சுமார் 56. படப் புத்தகம் என்றால் சுமார் 67. பிள்ளை மழலையில் குரல் கொடுப்பதும் பொம்மை பேசும்போது குறைந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் அது காட்டுவதை எந்த வீட்டுக் கூடத்திலும் நாமே பார்க்கலாம்.

குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2003-ல் வெளியான பாட்ரிஷியா குல் குழுவினரின் ஆய்வு தெளிவான விடை தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் சீன மொழியில் கதை சொல்லி விளையாடியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கொடுத்தபோது எதுவும் ஏறவில்லை. 'பேபி ஐன்ஸ்டீன்' வீடியோக்களை உலகமெங்கும் விற்ற டிஸ்னி நிறுவனம் 2009-ல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததும் நினைவில் இருக்கட்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம்.

அப்படியானால் பொம்மையால் பயனே இல்லையா? உண்டு. நாங்கள் அறிந்தவற்றில் மிக வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87-ல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. எல்லாரும் 9 முதல் 24 மாதத்தினர். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார். கையில் எடுத்துப் போனவை வீணான பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமானும் எளிய படப் புத்தகமும்தான். பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சாமானை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த முறை வேறொன்றைக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் 22 வயதானபோது, அதே நிலையில் இருந்து இந்த உதவி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2014-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. இத்தனைக்கும் அந்தச் சாமான்கள் கடையில் வாங்கியவை அல்ல. சாமானை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பிள்ளையோடு பேசினார், காத்திருந்தார், பிள்ளை செய்ததைப் பார்த்துப் பதில் சொன்னார். பயன் தந்தது அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

நம் மரபுக்கும் இது தெரியும். பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாகப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழிலும் ஒரு பொம்மைகூட இல்லை. பிள்ளை தலை நிமிர்ந்து ஆடுகிறது, தாலாட்டுக் கேட்கிறது, கை தட்டுகிறது, முத்தம் தருகிறது, நடந்து வருகிறது, நிலாவை விளையாடக் கூப்பிடுகிறார்கள். சிறுபறையும் சிறுதேரும் அதற்குப் பிறகுதான் கைக்கு வருகின்றன. பெரியவரின் குரலும் மடியும் முதலில், சாமான் பிறகு என்ற இந்த வரிசையை எந்த நிறுவனத்தின் வயதுப் பட்டியலைவிடவும் நாங்கள் நம்புகிறோம்.

'மாண்டிசோரி' என்று அச்சிட்ட பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பணிமீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய புகழ்பெற்ற சாமான்களில் பெரும்பாலானவை மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக உருவானவை. பெயர் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு பெட்டி அவர் முறையாகிவிடாது.

என்ன கொடுக்கலாம்? எவர்சில்வர் டம்ளர் நாலைந்து, அளவு வேறு வேறாக. பத்து மாதப் பிள்ளை பெரியதைச் சின்னதுக்குள் திணிக்கப் பார்க்கும். நுழையாது. திருப்பும், வாயில் வைக்கும், தரையில் தட்டும், சத்தம் கேட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு நீங்கள் பதில் சொல்வதுதான் பாடம். மூடியுள்ள டப்பா, மரக்கரண்டி, ஒளித்து விளையாட ஒரு பழைய புடவைத் துண்டு, பந்து, நடக்கத் தொடங்கியதும் மர நடைவண்டி, ஓரிரண்டு கெட்டி அட்டைப் படப் புத்தகம். கடையில் நல்ல மரக்கட்டைகள் வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நாங்கள் எதிர்ப்பது பொம்மையை அல்ல, பொய்யான வாக்குறுதியை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் மணிகளும் சின்னக் காந்தங்களும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. உட்காரவைத்து உருட்டும் வாக்கரையும் தவிருங்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு விழ வைக்கும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

"பேசிக்கொண்டே இருக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. பேசுகிறவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவழிப் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, குழந்தைகள் காப்பகத்து ஆயா யாரானாலும் சரி. இந்த ஊரில் பிறந்த திருமழிசை ஆழ்வாரை எடுத்து வளர்த்தது பிரம்பு அறுத்துப் பிழைத்த ஒரு தம்பதி என்றே தல வரலாறு சொல்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள் தங்கள் மொழியிலேயே பிள்ளையோடு பேசட்டும். ஆங்கிலம் சொல்லும் பொம்மை அதற்கு ஈடாகாது. காது கேட்பதில், அசைவதில், பழகுவதில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையாளர் குறிப்பிட்டுச் சொல்லும் கருவிகள் வேறு வகை. அவற்றுக்கு இந்த அறிக்கை பொருந்தாது.

நாங்கள் கேட்பவை இரண்டு. அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி இரண்டு வயது முடிந்தவர்களுக்குத்தான். அதற்குக் கீழே இருப்பவர்களின் வீட்டுக்குச் சத்துமாவு மட்டும் போகிறது. சத்துமாவு வாங்க வரும் நாளிலும் தடுப்பூசி நாளிலும் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுச் சாமானை வைத்து எப்படி விளையாடுவது என்று செய்து காட்ட வேண்டும். அதற்கென அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சியும் தனி ஊதியமும் தர வேண்டும். இருக்கிற வேலைச் சுமையில் இதையும் சும்மா ஏற்றக் கூடாது. இரண்டாவதாக, உள்ளாட்சி நிர்வாகம் நம் ஊரில் ஒரு பொம்மை நூலகம் தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு எடுத்துப் போய், கழுவித் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு அது.

எங்கள் பங்குக்கு, பொம்மை நிறுவனம் எதனிடமும் நன்கொடை வாங்க மாட்டோம். எங்கள் கூட்டங்களில் விற்பனை மேசை போட அனுமதிக்க மாட்டோம். 'மூளை வளரும்' என்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்ததாக யாராவது சொன்னால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்ய அவர்களோடு உட்கார்ந்து உதவுவோம்.