குடும்பத்தை அழைக்குமுன்

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் வானம் பார்த்தே விதைக்கிறோம். சவூதிக்கு மனைவி மக்களை அழைக்குமுன்னும் அவ்வாறே கணக்குப் பாருங்கள்.

அங்கே உடன் வாழும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் வரி விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020 ஜூலையில் அது 400 ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளுமெனில் ஆண்டுக்கு 19,200 ரியால். இகாமா புதுப்பிக்கும்போதே முன்னதாகச் செலுத்த வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்புவதும் தனி. இவ்வரி வந்தபின் குடும்பங்கள் பல ஊர் திரும்பின.

சம்பளம் இடங்கொடுத்தால் அழைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாழ்வதே மேல். இடங்கொடாவிடில் கடன்பட்டு அழைக்காதீர்கள். ஆனால் அக்கணக்கை மனைவியிடம் மறைக்காதீர்கள். காரணம் அறியாதவள், தன்மீது அன்பில்லையென்றே எண்ணி வருந்துவாள். அவளுடன் மஷூரா செய்து முடிவெடுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக!