உடன்படிக்கையில் பெயர் இல்லாதவர்கள்

குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் இலக்கிய நண்பர்கள் கூடிப் பேசுவது நெடுநாள் வழக்கம். காலையில் அருவிக் குளியல், மாலையில் பேச்சு. கம்பனில் தொடங்கும் அந்தப் பேச்சு அண்மைக்காலமாகக் கம்பனில் முடிவதில்லை. உக்ரைன், காசா, தைவான் என்று எங்கெங்கோ போய் நிற்கிறது. ஓர் ஆகஸ்ட் மாத இறுதியில் நடந்த கூட்டத்திலும் அப்படியே ஆயிற்று. ஒரு நண்பர் மாஸ்கோவுக்காக வாதாடினார். இன்னொருவர் வாஷிங்டனுக்காகக் குரலுயர்த்தினார். மூன்றாமவர் இருவரையும் அமர்த்திவிட்டு, "வல்லரசுகள் மோதிக்கொள்வதில் நமக்கென்ன வேலை? நாம் இலக்கியம் பேசுவோம்" என்றார். பலரும் தலையசைத்தார்கள்.

அன்றிரவு தென்காசியிலிருந்து புளியங்குடிச் சாலையில் திரும்புகையில் வழியெங்கும் காவல் தடுப்புகள். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். இவ்விரு நாட்களையும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடையுத்தரவு பிறப்பிப்பது அண்மை ஆண்டுகளில் வாடிக்கையாகிவிட்டது. பேருந்தில் இருந்த எவரும் வியக்கவில்லை. நாமும் வியக்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. மாலையில் பேசியதும் இரவில் கண்டதும் ஒரே செய்தி என்று நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

அந்த மூன்று நண்பர்களோடும் நமக்கு வழக்கு உண்டு. அதைப் பூலித்தேவரை வைத்தே பேசலாம்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் ஐரோப்பாவில் எய்க்ஸ்-லா-சப்பேல் என்ற ஊரில் உடன்படிக்கை ஏற்பட்டது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. அதற்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. பண்டமாற்று நடந்தது. பண்டத்தின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

1755இல் கர்னல் ஹெரானின் கும்பினிப் படை, ஆற்காட்டு நவாபு முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானோடு திருநெல்வேலிச் சீமைக்கு வரி தண்ட வந்தது. நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று 20,000 ரூபாய் கேட்டார் ஹெரான். பூலித்தேவர் கொடுக்கவில்லை. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கதையின் பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பூலித்தேவர் மேற்குப் பாளையங்கள் பலவற்றை ஓரணியாக்கினார், திருவிதாங்கூரையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் முன்னின்ற கிழக்குப் பாளையங்கள் எதிரணிக்குப் போயின. 1756இல் திருநெல்வேலி அருகே நடந்த போரில் கூட்டணி தோற்றது. பின்னர் மாபூஸ்கானே தம்பியோடு பகைத்துப் பூலித்தேவர் பக்கம் வந்தார். இவற்றையெல்லாம் தனித்தனியே படித்தால் உள்ளூர்ச் சச்சரவுகள் என்றே தோன்றும்; கும்பினியின் எழுத்தர்களும் 'கலகம்' என்றே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டுகளில் பிரஷ்யாவிலும் கனடாவிலும் வங்காளத்திலும் நடந்த ஏழாண்டுப் போரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. கும்பினித் தளபதி யூசுப்கான் தெற்கிலிருந்து அங்கே அழைக்கப்பட்டார். அவர் இல்லாத மாதங்களில் பாளையங்கள் சற்றே மூச்சுவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது. யூசுப்கான் திரும்பி வந்தார். வந்தவர் பீரங்கிக்கு முன் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார். களக்காட்டுப் பகுதி திருவிதாங்கூர் அரசருக்குக் கொடுக்கப்பட்டது; கூட்டணி உடைந்தது. நேற்றுவரை தோழமை கொண்டிருந்த திருவிதாங்கூரின் படை செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, யூசுப்கானோடு சேர்ந்து வடகரைப் பாளையத்தைத் தாக்கியது.

இலக்கியம் மட்டும் பேசுவோம் என்ற நண்பர் இங்கே சற்று நிற்கவேண்டும். வடகரை குற்றாலத்துக்குத் தொலைவான ஊரன்று. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதற்கு மானியம் வழங்கிய முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் மறைந்தது 1732இல். அதற்கு முப்பதாண்டு கழியுமுன் அந்தக் குறவஞ்சியின் நிலத்தில் இரண்டு படைகள் சேர்ந்து நடந்தன. கவிதையில் வரும் மலையை வல்லரசுகள் சுற்றிக்கொண்டு போவதில்லை.

1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டை யூசுப்கானை ஒருமுறை திருப்பி அனுப்பியது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இனி வடக்கே கவலையில்லை. நான்கே மாதத்தில், அவ்வாண்டு மே மாதம், நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் வீழ்ந்தன. பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் மறைந்துபோனார் என்பது மக்கள் மரபு.

1763 பிப்ரவரி 10இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பதினோராவது பிரிவு முகமது அலியைக் கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாபு என்று ஏற்றது. சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதார் என்று ஏற்றது. அந்தச் சலாபத் ஜங் முந்தைய ஆண்டே தம்பியால் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர்! நம் நாட்டைப் பற்றி அவர்களுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. நெற்கட்டும்செவலை யாரும் யாருக்கும் திருப்பித் தரவில்லை. அந்த ஊரின் பெயரே அதில் இல்லை. கும்பினிக்காக இவ்வளவும் செய்த யூசுப்கானை, அதே நவாபும் கும்பினியும் 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

இப்போது மாஸ்கோ நண்பரிடமும் வாஷிங்டன் நண்பரிடமும் கேட்கிறோம். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் உறுதியளிக்க, உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட ஒப்பியது. உறுதியளித்தவர்களில் ஒருவரே 2014இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டு, 2022இல் முழுப் படையெடுப்பையும் தொடங்கினார். மற்ற இருவரும் தாங்கள் தந்தது உறுதிமொழியே, காவல் அன்று என்று விளக்கம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதனோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிரான படைப்பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்று பேசின. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளைப் பற்றியும் பேசின. கையெழுத்திட்டவர்களில் தமிழர் தரப்பு என்று எவரும் இல்லை. அதன் பின்னால் வந்த ஆண்டுகளின் குருதிக்கணக்கை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்த வல்லரசுக்காகக் கைதட்டினாலும் சரி, களக்காட்டின் விலை வரும்போது அது யாரை விற்கும் என்பதை மறந்து கைதட்டக்கூடாது.

இதுவரை சொன்னதை நண்பர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். அயலாரைக் குறைசொல்வது எப்போதும் சுகம். இனிச் சொல்லப்போவது சுகமானதன்று.

பாரிசில் எழுதியவர்கள் நெற்கட்டும்செவலை விட்டுவிட்டார்கள் என்று வருந்துகிற நாம், நெற்கட்டும்செவலின் கதையை எழுதும்போது யாரை விட்டோம்? பூலித்தேவரின் படையில் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் நின்று போரிட்டார்கள் என்று இந்த மண்ணின் வாய்மொழி மரபு சொல்கிறது. மூவரும் மூன்று வெவ்வேறு சமூகத்தவர் என்றும் அதே மரபு சொல்கிறது. மேடைகளில், மலர்களில், பாடங்களில் நெடுங்காலம் ஒலித்த பெயர் ஒன்றே ஒன்று. மற்ற இரண்டும் கிராமத்துக் கும்மியிலும் கதைப்பாட்டிலும் தங்கிக் கிடந்தன. ஒண்டிவீரனுக்குத் தனி நாள் ஏன் என்று முகம் சுளிக்கிறவர்கள், பொது நாளில் அவருக்கு இடம் இருந்ததா என்று முதலில் சொல்லட்டும். பெயர் விடுபட்டவர்கள் தாங்களே ஓர் ஏடு எழுதிக்கொள்வதில் என்ன குற்றம்? விட்டவர்கள் தமிழ் படித்தவர்கள். நாமும் அவர்களில் சேர்த்தி. இருபதாண்டாகப் பாளையக்காரர் கதைப்பாடல்களை வகுப்பில் நடத்தும் நாமே ஒற்றைப் பெயரோடு பாடத்தை முடித்த ஆண்டுகள் பல.

அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? மணிக்கட்டில் நிறம் பார்த்துக் கயிறு கட்டிவரும் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில், அன்று கூட்டணியை உடைத்த அதே களக்காட்டை அடுத்த நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை உடன்பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சுற்றறிக்கை போதும். அதைக் கட்டச் சொன்ன கதையை அவிழ்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அல்லவா?

கும்பினிக்கு இங்கே பெரும்படை தேவைப்படவில்லை. மேற்கும் கிழக்கும் பிரிந்திருந்தன. அது போதுமானதாக இருந்தது. இன்று ஒரே அணியில் நின்றதாக நாமே பாடும் மூவரின் நினைவையும் காவல்துறை நேரம் பிரித்து, வழி பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்நியன் செய்த பிரிவினையை நூல்களில் கண்டிக்கிறோம். அதன் எச்சத்தை நாமே பேணி வளர்க்கிறோம். உலகம் மறுபடியும் அணி பிரிந்து நிற்கும் காலத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்புச் சிக்கல் இந்த மாவட்டத்துக்கு வேறில்லை.

எனவே குற்றாலத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சாரல் கூட்டத்தை அருவிக்கரையில் வைக்கவேண்டாம். நெற்கட்டும்செவலில் வைப்போம். மூன்று பெயரும் அழைப்பிதழில் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். மூன்று கதைப்பாட்டும் பாடத்தெரிந்தவர்களை அந்தந்தத் தெருவுக்கே போய் நாமே அழைத்துவருவோம். பாரிஸ் உடன்படிக்கையின் பதினோராவது பிரிவையும் தமிழாக்கி அங்கே வாசிப்போம். அனுமதி கிடைக்காது என்பார்கள். கிடைக்காமல் போகட்டும், விண்ணப்பத்தில் எத்தனை இலக்கிய நண்பர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்பதையாவது பார்த்துவிடலாம்.